நிலா இல்லாத நாளின் தண்ணீர்

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. நிலாவே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏன் அதே கோடு வரை ஏறுகிறது?

அவள் இதைக் கேட்டபோது அந்தக் கசாப்புக் கூடத்து ஆண்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவனை அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

கூடத்தின் பின்பக்கம் ஓர் உப்பங்கழி. கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் அதன் தண்ணீர் அந்தக் கழி வழியாக ஏறுவதும் வற்றுவதுமாகத் தினமும் வந்து போகும். கூடத்தின் முன்பக்கம் லாரிகளும் தராசும். நடுவில் வெட்டுமிடம், கொக்கிகள் ஓடும் இரும்புப் பாதை. பின்பக்கம் ஒரு சிமெண்டு மேடை. அங்கே உட்கார்ந்துதான் அவள் குடல் கழுவுவாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது ஊருக்கெல்லாம் அவள் குடல்காரி. கழிவை அவள் சேற்றில் தள்ளிவிட்டால் தண்ணீர் ஏறிவந்து அள்ளிக்கொண்டு போகும். சரியாக ஏறாத நாளில் அது அங்கேயே கிடந்து நாறும், மேஸ்திரி வந்து கண்டபடி திட்டுவார். அதனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பழகிப்போனது.

மேடைச் சுவரில் தண்ணீர் ஓர் ஈரக்கோட்டை விட்டுவிட்டுப் போகும். பௌர்ணமியை ஒட்டி அந்தக் கோடு உச்சத்துக்கு ஏறும், பிறகு இறங்கும். பட்டப்பகலில் அரை நிலா வெளிறிப்போன கொழுப்புத் துண்டு மாதிரி வானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாட்களில், தண்ணீர் சோம்பேறித்தனமாகப் பாதிச் சுவரோடு திரும்பிவிடும். சரி, நிலா தேயத் தேயத் தண்ணீரும் தேயும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் நிலா இன்னும் தேய்ந்து நகக்கீற்றாகும்போது கோடு திரும்பவும் மேலே ஏறியது. அமாவாசையன்று, வானத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லாதபோது, பௌர்ணமிக் கோட்டையே போய்த் தொட்டது. முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். கரியால் சுவரில் கோடு கிழித்து வைத்துப் பார்த்தாள். இல்லை, அதே உயரம்தான்.

ஆண்களுக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காலையெல்லாம் அவர்கள் கூடத்துக்குள்ளே ரத்தத்தில் நிற்பார்கள். கழியைப் பார்ப்பது சாயங்காலம் பாட்டிலோடு பின்சுவரில் ஏறி உட்காரும்போது மட்டும்தான். பௌர்ணமியன்று தண்ணீர் காலடிவரை வந்து பளபளவென்று மின்னும். அமாவாசையன்று கும்மிருட்டு, கழி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. தெரியாததை இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். பெரிய நிலா வந்தால் பெரிய தண்ணீர், நிலா வராவிட்டால் தண்ணீரும் வராது. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

அவள் புருஷனுக்கு ஒருவெட்டு என்று பெயர். எவ்வளவு பெரிய காளையாக இருந்தாலும் கழுத்தில் ஒரே வெட்டு, இரண்டாவது வெட்டுக்கு வேலை இருக்காது. கூடத்தில் அவனுக்கு அப்படி ஒரு மவுசு. அந்தக் கையை அவன் கூடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாயைத் திறந்து கோட்டைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய அண்ணன் தோல்காரனும், தராசில் நிற்கும் தம்பியும் அங்கேதான் இருந்தார்கள். தம்பிக்குத் தராசு என்றே பெயர் விழுந்திருந்தது. எதைக் கேட்டாலும் இந்தப் பக்கமும் சாய்வான், அந்தப் பக்கமும் சாய்வான்.

"ஓஹோ!" என்றான் ஒருவெட்டு. "குடலக் கழுவி முடிச்சாச்சு, இனிமே வானத்தையும் கழுவப் போறாளாம்!"

சிரிப்பு அடங்கவில்லை. தோல்காரன் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டான்.

"சிரிக்காதீங்க. வந்து கோட்டப் பாருங்களேன்" என்றாள் அவள்.

அங்கேதான் தப்பு நடந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒருவெட்டு கதவைச் சாத்தினான். "நாலு பேரு முன்னாடி என்னை வந்து பாருன்னு கூப்பிடுறியா? நிலாவப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிறியா நீ?" கத்தி தீட்டும் இரும்பின் கைப்பிடி அவள் வாயில் இறங்கியது. முன்பல் பாதி உடைந்து நாக்கில் விழுந்தது. அதை அவள் உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். மறுநாள் வழக்கம்போல அவள் காலடியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான். "இனிமே ஒண்ணும் பண்ண மாட்டேன்டி, சத்தியமா." அதே வார்த்தைகள், அதே அழுகை. விலா எலும்பு விரிசல் விட்டபோதும் இதைத்தான் சொன்னான், காது கிழிந்தபோதும் இதைத்தான் சொன்னான். அந்தப் பைத்தியக்காரியும் ஒவ்வொரு தடவையும் நம்பித் தொலைத்தாள்.

அண்ணன் தம்பிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வெந்நீர்த் தொட்டி விவகாரம் வரும்வரை.

இரைப்பையை வெளுப்பதற்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டி அது. அன்று அவள் கழுவிய குடல் ஒன்றில் கத்தி பட்டுப் பொத்தலாகிவிட்டது. மேஸ்திரி ஒருவெட்டைக் கூப்பிட்டு, "உன் பொண்டாட்டி கைக்கு என்னய்யா கேடு?" என்று கேட்டுவிட்டார். ஒருவெட்டு மேடைக்கு வந்தான். அவள் இடது கையைப் பிடித்து மணிக்கட்டுவரை தொட்டிக்குள் அழுத்தினான். அவள் போட்ட அலறலில் பட்டியில் நின்ற மாடுகள் எல்லாம் முட்டி மோதின. அவன் நிதானமாகப் பிடித்திருந்தான். பிறகு விட்டுவிட்டுப் போய் அடுத்த காளையை வெட்டினான்.

தோல்காரன் ஓடிவந்தபோது அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோல் உரிப்பதே அவன் தொழில். எந்தத் தோல் ஒட்டும், எது இனி ஒட்டாது என்று அவனுக்குத் தெரியும். தங்கச்சியின் விரல்களில் தோல் கையுறை மாதிரி கழன்று தொங்குவதைப் பார்த்தான். அவன் வாய் கோணியது. அழுகையா ஆத்திரமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கட்டுப்போட்டு அவளைத் தங்கள் அறைக்கு அழைத்துப் போனார்கள். கழிக்குப் பக்கத்திலேயே, தகரம் வேய்ந்த ஒற்றை அறை. அமாவாசையன்று மத்தியானம் அங்கேதான் பேச்சு நடந்தது.

"இன்னிக்கு அவனை விடப்போறதில்ல" என்றான் தோல்காரன். "சேத்துல ஒரு இரும்புக் கம்பம் நிக்குதே, அதுல கட்டிப் போடுறேன். விடிய விடிய நிக்கட்டும். நண்டு கடிக்கட்டும்."

"அண்ணே, தண்ணி ஏறுமேண்ணே" என்றான் தராசு.

"அட போடா. இன்னிக்கு அமாவாசை. நிலாவே கிடையாது, தண்ணி எங்கேர்ந்து வரும்? மிஞ்சிப்போனா முழங்கால் அளவு. அதுக்காகத்தான்டா இன்னிக்கு நாள் பார்த்தேன். அவன் செத்துத் தொலைஞ்சா நான்ல உள்ள போகணும்? எனக்கு அவன் உயிர் வேணாம். பயந்தா போதும்."

அவள் வாயைத் திறந்தாள். உடைந்த பல்லின் கூர்முனை நாக்கில் குத்தியது. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லாத. அவனுக்காகப் பரிஞ்சு பேசின, கெட்ட கோவம் வரும் எனக்கு" என்றான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கம்பத்தில் பாசி எந்த உயரம்வரை படிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒருவெட்டின் தலைக்கும் மேலே.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவெட்டு அவளைத் தேடிக்கொண்டு தானே வந்தான். குடித்திருந்தான். கதவைக் காலால் உதைத்து, "எங்கடா அவ?" என்று உள்ளே தலையை நீட்டினான். கதவுக்குப் பின்னால் நின்ற தோல்காரன் கொக்கித் தடியால் முழங்காலில் ஓர் அடி வைத்தான். எலும்பில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. மண்டியிட்டவனின் தாடையில் அடுத்தது. அவன் சாதாரண ஆள் இல்லை, விழுந்த வேகத்தில் தராசின் வயிற்றில் தலையால் முட்டி அவனைச் சுவரோடு சாத்தினான், கழுத்தைப் பிடித்தான். தராசின் கண்கள் பிதுங்கின. தோல்காரன் ஒருவெட்டின் காதைப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் ஒருமுறை, இரண்டுமுறை, இன்னொருமுறை மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் தாடியெல்லாம் வழிந்தது. "எந்தக் கைடா? எந்தக் கையால தொட்டிக்குள்ள அமுக்குன?" என்று கேட்டுக் கேட்டுத் தரையில் கிடந்த இடது கையை மிதித்தான். விரல் ஒடிகிற சத்தத்தில் தராசு வாசலில் போய் வாந்தி எடுத்தான்.

அவள் மூலையில் நின்று பார்த்தாள். சந்தோஷமாக இருந்ததா என்றால், ஆமாம், இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளுக்குள் யாரோ ஒரு முடிச்சை அவிழ்ப்பது போலிருந்தது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது.

அவனை மாட்டை இழுப்பது போலச் சேற்றில் இழுத்துப் போனார்கள். எப்போதோ படகு கட்டுவதற்காக நட்ட கம்பம் அது, குறுக்கே ஒரு இரும்புக் குழாயும் பற்றவைத்திருக்கும். இரண்டு கைகளையும் விரித்துக் குழாயின் இரண்டு முனைகளில் கட்டினார்கள். கால்கள் இரண்டையும் சேர்த்துக் கம்பத்தின் அடியில் கட்டினார்கள். எல்லாம் தோல்காரனின் மாட்டு முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும், ஈரம்பட்டால் கத்தி வைக்காமல் அவிழாது. அப்போது தண்ணீர் கணுக்காலில் இருந்தது.

"மாப்ள, சௌகரியமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தோல்காரன் கரையேறினான்.

அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். தோல்காரன் பாட்டிலைத் திறந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் சேற்றிலிருந்து வசவுகள் வந்தன. அப்புறம் வேறு மாதிரி சத்தம்.

"தண்ணி ஏறுதுடா! டேய்! இடுப்புக்கு வந்திருச்சுடா!"

தோல்காரன் தொடையில் தட்டிச் சிரித்தான். "கேட்டியாடா? முழங்கால் தண்ணி இடுப்புக்கு வந்திருச்சாம். ஊரையே நடுங்க வச்ச ஆளு, சேத்துக்குப் பயந்து அழுவுறான்!"

தராசும் சிரித்தான். ஆனால் அவன் கண் அக்காவின் மேல் இருந்தது. "ஏன்க்கா ஒரு மாதிரி இருக்க? கை வலிக்குதா?"

"இல்லடா" என்றாள்.

கையா வலித்தது? அவன் பொய் சொல்லவில்லை என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் சாகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. செத்தால் விடியும்போது கம்பத்தில் பிணம் தொங்கும், முடிச்சைப் பார்த்தாலே யார் போட்டது என்று கூடத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் என்று இன்னொரு மனசு சொன்னது. கொலை பண்ணுகிறோம் என்று தெரியாமலே கொலைகாரர்களாகி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்களே, இந்த இரண்டு முட்டாள்களும்! இவர்களை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லலாம்தான். சொன்னால் திரும்பவும் சிரிப்பார்கள். அல்லது நம்பிவிட்டு, "தெரிஞ்சும் ஏன் மத்தியானமே சொல்லல?" என்று கேட்பார்கள்.

கொல்லைப்புறம் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். குடல் கிழிக்கும் சின்னக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேடைப் படிகளில் இறங்கியதுமே தண்ணீர் அவளைப் பிடித்துக்கொண்டது. முழங்கால், இடுப்பு, மார்பு. கட்டுப்போட்ட கையில் உப்புத்தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கம்பத்தை எட்டும்போது தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டது. அவன் அவளைவிட உயரம், அவனுக்கு மார்புக்கு மேலே இருந்தது. உச்சத்துக்கு இன்னும் நிறைய ஏற வேண்டியிருந்தது.

"யாரு? நீயா?" அவன் குரல் கிழிந்துபோயிருந்தது. "வந்துட்டியா? நீ சொன்னது சரிடி. நிலா இல்லாட்டியும் ஏறுது. நீ சொன்னதுதான் சரி. அவுத்து விடு."

எத்தனை நாளாக அவள் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்! அது காதில் விழுந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. தடவித் தடவி அவன் வலது கைக் கயிற்றைக் கண்டுபிடித்து அறுத்தாள். விரல் ஒடியாத கை அது. காளையை வெட்டும் கை.

அந்தக் கை விடுபட்டதும் முதல் வேலையாக அவள் கூந்தலைப் பிடித்தது.

"காலை அறுடி!" என்று அவள் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினான். "அறு! வெளியே வந்து உன்னையும் உன் அண்ணன் தம்பியையும் உரிச்சுத் தொங்கவிடுறேன். அறுடி!"

உப்புத்தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. கண்முன்னே பொறி பறந்தது. அவள் முகம் அவன் முழங்காலில் மோதியது. கயிறு கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது, ஆனால் மூச்சு இல்லாதவள் எதை அறுப்பாள்? மேலே வரப் போராடினாள், அவன் விடவில்லை. வெந்நீர்த் தொட்டியில் பிடித்திருந்தானே, அதே நிதானமான பிடி. கத்தியைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அவன் மணிக்கட்டில் குத்தி இழுத்தாள். இன்னொரு தடவை. மூன்றாவது குத்தில் விரல்கள் தளர்ந்தன. ஒரு கொத்து முடி அவன் கையோடு போனது.

இருமிக்கொண்டு, வாந்தியெடுத்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் போய் நின்றாள். அவன் கை தண்ணீரை அறைந்து அறைந்து அவளைத் தேடியது. எட்டவில்லை.

போய் அறுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். நான் பொய் சொல்லவில்லை, மனதார நினைத்தாள். ஆனால் கால் நகரவில்லை.

அவன் குரலை மாற்றினான். குழைந்தான். "வாடி. கோவத்துல பண்ணிட்டேன். இங்க பாரு, இனிமே ஒண்ணும் பண்ண மாட்டேன்டி, சத்தியமா."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பிக் கரையைப் பார்த்து நடந்தாள். பின்னாலிருந்து முதலில் கெஞ்சல் வந்தது, அப்புறம் வசவு, அப்புறம் வெறும் கூச்சல். மேடைப் படியில் உட்கார்ந்தவள், தண்ணீர் இன்னும் இரண்டு படி ஏறியபிறகுதான் எழுந்தாள்.

அறைக்குள் அவள் வந்து நின்றபோது தரையில் தண்ணீர் சொட்டிக் குளம் கட்டியது. தோல்காரனின் கை பாட்டிலோடு பாதியில் நின்றது.

"எங்க விழுந்த?"

"விழல. அவரு பக்கத்துல போய் நின்னேன்."

"முழங்கால் தண்ணியில நின்னதுக்கா உச்சந்தலை வரைக்கும் நனைஞ்சிருக்க?"

அவள் வெந்துபோன கையைத் தூக்கித் தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள். "இவ்வளவு இருந்துச்சுண்ணே. இன்னும் ஏறும். பௌர்ணமிக்கு எவ்வளவோ, அவ்வளவு. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஏறும்னு அன்னிக்கே சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க."

தோல்காரன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"அறுத்து விட்டியா? சொல்லுடி, அவனை அறுத்து விட்டியா?"

"ஒரு கைய" என்றாள்.

அண்ணன் டார்ச்சையும் கத்தியையும் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். தராசு மட்டும் அசையாமல் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே சுவரில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"அக்கா" என்றான் தராசு மெதுவாக. "மாமா கத்துறத நிறுத்திட்டாருக்கா."

அவள் தலையில் முடி பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் ரத்தம் ஒட்டியது. "ஆமாடா" என்றாள்.